தகட்டுக்கு அடியில் புல் மருந்து: எந்த நோசல் பூட்டுவது?

சென்ற மாதம் ஒரு கலியாண வீட்டில் பழைய தோட்டத்து ஆட்கள் பலரைப் பார்க்க நேர்ந்தது. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தங்கச்சி என்னிடம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். இருபது வருடம் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடித்தவர். தோட்டம் கைமாறி, மரங்களைச் சாய்த்து, அந்த நிலத்தில் சோலார் தகடு நட்டுவிட்டார்கள். இப்போது அதே நிலத்தில் ஒரு காண்ட்ராக்காரரிடம் கூலிக்கு மருந்தடிக்கிறார். மரம் போய்விட்டது, முதுகில் பம்பு மட்டும் போகவில்லை.

“அண்ணே, நீங்கதான் பேப்பர்ல எழுதுறீங்களே, இதைக் கேளுங்க. கண்ணாடியில வெள்ளை வெள்ளையா புள்ளி விழுந்திருக்குன்னு என் சம்பளத்துல பிடிச்சிட்டாங்க. நான் ஒரு தடவைகூட தகட்டைப் பார்த்து அடிக்கலண்ணே. கீழே புல்லைப் பார்த்துத்தான் அடிச்சேன்.”

“சரி தங்கச்சி, குழாய் முனையில என்ன நோசல் போட்டிருக்கீங்க?”

“பம்போட வந்ததுதான். பித்தளை. ஒரு பக்கம் திருகினா தூரமா பீச்சும். மறுபக்கம் திருகினா பனி மாதிரி விழும். பனி மாதிரி வச்சித்தான் அடிக்கச் சொன்னாங்க.”

சங்கதி எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. குற்றம் அந்தத் தங்கச்சியின் கையில் இல்லை. குழாயின் முனையில் இருக்கிறது. இப்படி எத்தனை பேர் பழி சுமக்கிறார்களோ என்று நினைத்துத்தான் இந்த வாரம் நோசலைப் பற்றி எழுதுகிறேன்.

நம் நாட்டில் பெரிய சூரிய மின் பண்ணைகளுக்கு அரசாங்கம் டெண்டர் விடத் தொடங்கியது 2016இல். அதன் பிறகு கெடாவில் குருண், மலாக்காவில் ஜாசின், திரங்கானுவில் மெர்ச்சாங் என்று பல இடங்களில் பண்ணைகள் எழுந்தன. இந்த மூன்றும் மட்டுமே ஒவ்வொன்றும் 65 மெகாவாட். தகடு நட்டால் வேலை முடிந்தது என்று வெளியாட்கள் நினைக்கலாம். நம் நாட்டு வெயிலையும் மழையையும் அறிந்த நமக்குத் தெரியும், வெறும் மண் இங்கே மூன்று வாரம்கூட வெறும் மண்ணாக இருக்காது. லாலாங், தொட்டாச்சிணுங்கி, மிக்கானியாக் கொடி, தோட்டத்தில் நிழலுக்குள்ளேயே தழைத்து நின்ற அசிஸ்டாசியா, எல்லாம் தகட்டு வரிசைக்குள்ளும் வந்துவிடுகின்றன. அவற்றில் கொடிதான் பெரிய எதிரி. காலைப் பற்றி ஏறித் தகட்டின் ஓரத்தில் இரண்டு இலையை நீட்டினால் போதும், அந்த நிழல் விழுந்த இடம் மட்டுமல்ல, அதோடு சேர்த்துக் கட்டிய வரிசையின் மின்சாரமும் குறையும். நிழல் விழுந்த கட்டம் சூடேறிக் கெட்டும் போகும். அதனால்தான் முதலாளிமார் புல்லுக்கு இவ்வளவு பயப்படுகிறார்கள்.

புல்வெட்டும் மெஷினைப் போட்டால் கல் தெறித்துக் கண்ணாடி விரிகிறது. நைலான் கயிறு கேபிளை அறுக்கிறது. நடு வழியில் மெஷின், தகட்டுக்கு அடியிலும் கால்களைச் சுற்றியும் மருந்து என்று பல பண்ணைகளில் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த அடிப்பகுதிதான் நம் ஆட்களின் தலையில் விழுகிறது.

பனி மாதிரி விழுவதுதான் வினை

ஒரு பெரிய துளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்களவைப் பாதியாக்கினால் ஒரு துளி எட்டுத் துளியாகும். அதையும் பாதியாக்கினால் அறுபத்து நான்கு. மருந்து அதே அளவுதான், ஆனால் ஒவ்வொரு துளியும் எடையில்லாமல் போய்விடுகிறது. தலைமயிர் பருமனே உள்ள துளி கீழே விழ நேரம் எடுக்கும். அதற்குள் லேசான காற்று அடித்தாலும் அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. செம்பனைக்கு அடியில் அது மட்டையில் படியும், யாரும் கேட்கப் போவதில்லை. சோலார் பண்ணையில் அது கண்ணாடியில் படியும். தண்ணீர் காய்ந்து, மருந்தின் உப்பும் பசையும் தங்கி, அதன்மேல் புழுதி ஒட்டிக்கொள்ளும். தங்கச்சி சொன்ன வெள்ளைப் புள்ளி இதுதான்.

கண்ணாடியைக் கழுவிவிடலாம். அந்தத் துளி படிகிற இன்னோர் இடம் நம் ஆட்களின் முகம், மூக்கு, தொண்டை. தகட்டுக்கு அடியில் குனிந்து அடிக்கும்போது தலை மருந்துக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பதை ஒரு தரம் குனிந்து பார்த்தால் மேலாளர்களுக்கும் விளங்கும். நம் பெண்கள் மருந்தடித்துப் பட்ட பாட்டைத் தெனாகானித்தா அமைப்பு 2002இலேயே ஆய்வு செய்து புத்தகமாகப் போட்டது. அந்தக் காலத்துப் பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் தடை. நல்லதுதான். ஆனால் மருந்து மாறியதே தவிர, பல இடங்களில் நோசல் மாறவில்லை. இன்று பெரும்பாலும் அடிப்பது கிளைபோசேட். அதையும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015இல் சேர்த்தது. வேறு சில நிறுவனங்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சண்டை அவர்களுக்குள் நடக்கட்டும். மூக்குக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

எதை வாங்குவது?

தங்கச்சி வைத்திருக்கும் திருகு நோசல் கூம்பு வகை. வட்டமாக, குடை மாதிரி, சின்னத் துளியாக விழும். காய்கறிச் செடியில் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் இலை முழுதும் நனைய வேண்டும் என்பதற்காக வந்தது இது. புல்லுக்கு இது வேண்டியதில்லை. கிளைபோசேட் இலை வழியாக இறங்கி வேர்வரை போகிற மருந்து. இலையில் அங்கங்கே நல்ல துளி விழுந்தாலே போதும். ஆகவே பெரிய துளி விழும் நோசல்தான் தகட்டுக்கு அடியில் பூட்ட வேண்டியது.

அதிலும் வகை உண்டு. தட்டையாக, விசிறி விரித்தாற்போல் விழுவது விசிறி நோசல். கடையில் சும்மா விசிறி நோசல் என்று கேட்டால் டிராக்டரில் வரிசையாகப் பூட்டுவதைக் கொடுத்துவிடுவார்கள். அதில் நடுவில் மருந்து அதிகம், ஓரத்தில் குறைவு. பக்கத்து நோசலின் ஓரமும் சேர்ந்து விழுந்தால்தான் சமமாகும். நாம் சுமப்பது ஒற்றை நோசல். அதனால் ஓரம்வரை ஒரே சீராக விழும் விசிறியைக் கேட்க வேண்டும். எண்ணுக்குப் பின்னால் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்துப் போட்டிருக்கும். தகட்டின் கால் வரிசைக்கும், மழைத்தண்ணீர் சொட்டும் ஓரத்துக்கும் இதைவிடத் தோதானது கிடையாது. தகடு சற்றே சாய்ந்திருக்கிறது அல்லவா? மழையெல்லாம் தாழ்ந்த ஓரத்தில் ஒரே கோடாக விழுகிறது. அந்தக் கோட்டில்தான் புல் மதமதவென்று எழும்பும். உள்ளே நிழலில் அவ்வளவு இராது.

அடுத்தது, தோட்டத்தில் பழகிய போலிஜெட் வகை. துவாரத்திலிருந்து வரும் தண்ணீர் ஒரு சின்ன நாக்கில் மோதி அகலமாக விரியும். குறைந்த அழுத்தத்திலேயே வேலை செய்யும், துளியும் பெரிது. இரண்டு வரிசைக்கு நடுவிலுள்ள திறந்த வழிக்கு நல்லது. தகட்டுக்குக் கிட்டே இதன் அகலமே தொல்லை. நாக்கைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால் தகட்டின் அடிப்பக்கம்வரை தெறிக்கும். உயரத் தூக்காமல் பிடிக்கத் தெரிந்த கைக்கு மட்டும் கொடுக்கலாம்.

ஒரு பக்கமாக வீசும் நோசலும் இருக்கிறது. வழியில் நிமிர்ந்து நடந்துகொண்டே தகட்டுக்கு அடியில் ஒரு பக்கமாக மருந்தைச் செலுத்தலாம். முதுகு வலிக்காரர்களுக்கு இது பெரிய உதவி. நம் ஊர்க் கடைகளில் சுலபத்தில் வைத்திருக்க மாட்டார்கள்; காண்ட்ராக்காரர்தான் சொல்லி வரவழைக்க வேண்டும்.

காற்றை உறிஞ்சிக் குமிழி நிறைந்த பெரிய துளியாக விடும் நோசலைப் பற்றிச் சிலர் பெருமையாகப் பேசுவார்கள். துளி பறக்காமல் இருப்பதற்கு அது உயர்ந்ததுதான். ஆனால் பலவற்றுக்கு 2 பார், 3 பார் அழுத்தம் வேண்டும். கையால் அடிக்கும் பம்பில் அது ஒரே சீராக நிற்காது. பேட்டரி பம்பு வைத்திருப்பவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

நிறம் சொல்லும் கணக்கு

நோசலின் நிறம் அழகுக்கு அல்ல. உலக முழுவதும் விசிறி நோசலுக்கு ஒரே கணக்கு. ஆரஞ்சு 01, பச்சை 015, மஞ்சள் 02, நீலம் 03, சிவப்பு 04. மஞ்சள் 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.8 லிட்டர் விடும். நீலம் 1.2 லிட்டர், சிவப்பு 1.6 லிட்டர். போலிஜெட் வகையில் சில கம்பெனிகளின் நிறம் வேறு கணக்கு. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆனால் 3 பார் நமக்கு வேண்டாம். அழுத்தம் கூடக் கூடத் துளி சிறுத்துப் பனியாகும். 1 பார் முதல் 1½ பார் போதும். வேகமாக அடித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று பம்புக் கையை இழுத்து இழுத்து அடிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வரும் தண்ணீர் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் அழுத்தம் நான்கு மடங்கு வேண்டும். கைதான் ஓயும், கிடைப்பது பனி. அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் சின்ன வால்வு ஒன்று விற்கிறார்கள். குழாய்க்கும் நோசலுக்கும் நடுவே பூட்டுவது. பேட்டரி பம்புக்கு அது மிகவும் அவசியம், ஏனென்றால் அது தானாகவே அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு போகும்.

என் யோசனை இது: தகட்டின் ஓரத்துக்கும் காலைச் சுற்றியும் 80 பாகை, நீலம், சமமாக விழும் விசிறி. 1½ பாரில் இது நிமிடத்துக்கு 840 மில்லி அளவில் விடும். புல்லுக்கு மேலே 50 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்தால் 84 சென்டிமீட்டர் அகலம் விழும். தகடு தாழ்ந்த இடத்தில் 30 சென்டிமீட்டருக்கு இறக்கினால் 50 சென்டிமீட்டர் அகலம். 110 பாகை நோசலை 50 சென்டிமீட்டரில் பிடித்தால் ஏறக்குறைய 1.4 மீட்டர் விரியும்; குனிந்து தாழப் பிடிப்பவர்களுக்கு அது சரி, நிமிர்ந்து பிடித்தால் ஓரம் எங்கெங்கோ போகும்.

இலையைத் தொட்டு எரிக்கும் குளுபோசினேட் மாதிரி மருந்தானால் பெரிய துளி அங்கங்கே விழுந்தால் போதாது, இலை நன்றாக நனைய வேண்டும். அப்போது நடுத்தரத் துளியும் கூடுதல் தண்ணீரும் தேவை. டின்னில் ஒட்டிய தாளில் போட்டிருப்பார்கள். அந்தத் தாளை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

எத்தனை பம்பு சுமப்பது?

16 லிட்டர் பம்பு என்றால் தண்ணீர் மட்டும் 16 கிலோ. ஒரு ஹெக்டருக்கு 400 லிட்டர் கொட்டும் நோசலோடு நடந்தால் 25 பம்பு. 200 லிட்டர் என்றால் பன்னிரண்டரை பம்பு. தோளுக்கும் இடுப்புக்கும் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது. மருந்தின் அளவை ஹெக்டருக்குத்தான் சொல்லியிருப்பார்கள், பம்புக்கு அல்ல. ஒரு பேச்சுக்கு ஹெக்டருக்கு 2 லிட்டர் மருந்து என்று வைத்துக்கொள்வோம். 25 பம்பு அடித்தால் பம்புக்கு 80 மில்லி. பன்னிரண்டரை பம்பு அடித்தால் 160 மில்லி. பழைய நோசலைக் கழற்றிப் புதியதைப் பூட்டிவிட்டுப் பழைய மூடிக் கணக்கிலேயே ஊற்றினால் புல் சாகாது. “நோசல் மாத்தினதாலதான் புல் சாகல” என்று தண்டல் பழைய நோசலையே திரும்பப் பூட்டச் சொல்வார். மாறாக, தண்ணீர் அதிகம் போகும் நோசலில் கெட்டியாகக் கலக்கினால் காசும் பாழ், மண்ணும் பாழ். அதோடு, நிலம் முழுவதையும் கணக்கில் எடுக்கக் கூடாது. ஓரத்தில் மட்டும் அடித்தால் அடித்த இடத்துக்கு மட்டுமே கணக்கு. இன்னொன்றும் மறக்க வேண்டாம்: தண்ணீர் குறைந்தால் பம்பில் இருப்பது கெட்டி மருந்து. முதுகில் கசியும் பம்பை அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

ஆளுக்கு ஆள் நடை வேறு. அதனால் சுத்தத் தண்ணீரை ஊற்றி ஒவ்வொருவரும் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். 1 மீட்டர் அகலம் விழும்படி பிடித்து 100 மீட்டர் நடந்தால் 100 சதுர மீட்டர். செலவான தண்ணீரை 100ஆல் பெருக்குங்கள். 2 லிட்டர் போயிருந்தால் ஹெக்டருக்கு 200 லிட்டர். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் போட்டுத் தரும்.

நோசல் தேயும் என்பதைப் பலர் நம்புவதில்லை. கண்ணுக்குத் தெரியாதுதான். புதிதாக வாங்கிய அன்று ஒரு நிமிடம் விசையை அழுத்தி அளவுக் குவளையில் பிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை அதே அழுத்தத்தில் பிடித்துப் பாருங்கள். 840 மில்லி வந்தது 920ஐத் தாண்டினால் தூக்கி எறிய வேண்டியதுதான். அடைத்துக்கொண்டால் கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தக் கூடாது. துவாரம் கெட்டு மருந்து ஒரு பக்கமாகக் கோடு விழும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். வாயில் வைத்து ஊதுவதை எத்தனை பெரிய அனுபவசாலி செய்தாலும் அது பைத்தியக்கார வேலை. நோசலுக்குப் பின்னால் உள்ள சல்லடையைக் கழற்றி வீசிவிட்டு அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அடைப்புக்கு அவர்களே காரணம். கலங்கல் தண்ணீரும் ஆகாது. சேறு கலந்தால் கிளைபோசேட்டின் வீரியம் மண்ணோடு ஒட்டிப் போய்விடும்.

மற்றபடி, காலையில் இலை காய்ந்தபின் அடிப்பது உத்தமம். பிற்பகல் மழை நம்மூரில் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தகட்டுக்கு அடியில் புல்லை வேரோடு அழித்து மண்ணை மொட்டையாக்கச் சொன்னால், அது தவறு என்று எடுத்துச் சொல்லலாம். மொட்டை மண்ணில் மழை விழுந்தால் சேறு தெறித்துக் கண்ணாடியில்தான் ஏறும், கால் அடியில் மண்ணும் அரிக்கும். உயரமாக எழும்பாத கார்ப்பெட் புல் இருந்தால் அதை விட்டுவிட்டுக் கொடியையும் லாலாங்கையும் பார்த்து அடிப்பதே புத்திசாலித்தனம்.

செம்பனைக்கு அடியில் இல்லாத ஓர் அபாயம் இங்கே உண்டு. வெயில் இருக்கும்வரை தகட்டில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். முழுவதும் நிறுத்த சுவிட்ச் கிடையாது. பெரிய பண்ணைகளில் வரிசை சேர்ந்தால் 1000 வோல்ட், 1500 வோல்ட்கூட வரும். கேபிள் இணைப்புகளையும் பெட்டிகளையும் பார்த்துப் பீச்சக் கூடாது. விரிந்த தகடு, தொங்கும் கேபிள், எலி கடித்த கேபிள் கண்ணில் பட்டால் அந்த வரிசையை விட்டு வெளியே வந்து சொல்லுங்கள். நீண்ட பித்தளைக் குழாயை அங்கே உள்ளே நுழைக்க வேண்டாம்.

சொல்லிவிட்டு வேலையை நிறுத்தினால் கூலி போகுமே என்று கேட்பீர்கள். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, அந்தத் திருத்தம் 2024 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால், முதலாளியிடம் சொல்லியும் அவர் சரி செய்யாவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ள உரிமை உண்டு. கையுறை, பூட்சு, முகமூடி போன்றவற்றுக்கு நம்மிடம் காசு பிடிக்கவும் அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கேட்டும் கொடுக்காவிட்டால் ஜேகேகேபி அலுவலகத்தில் சொல்லலாம்.

தங்கச்சியின் சம்பளப் பிடிப்புக்கு வருகிறேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சம்பளத்தில் எதையெதைப் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. கண்ணாடியில் புள்ளி விழுந்தது என்று காண்ட்ராக்காரர் தாமாகவே ஒரு தொகையை எழுதிப் பிடித்துக்கொள்வது அந்த வரையறைக்குள் வராது. சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு ஜாபாத்தான் தெனாகா கெர்ஜாவுக்குப் போகச் சொன்னேன். தயங்கினார்.

“நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டாங்கண்ணே.”

அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். முதலில் நோசலை மாற்றட்டும், மற்றதைப் பிறகு பேசுவோம் என்று முடிவு செய்தோம். காண்ட்ராக்காரரிடம் கேட்டதற்கு, “இருக்கிறதை வச்சி அடி” என்று பதில் வந்திருக்கிறது. அவர் வாங்கித் தர வேண்டியதை, சில வெள்ளி சமாச்சாரம் என்று தங்கச்சியே டவுனில் வாங்கி வந்துவிட்டார். நீலம், 80 பாகை, பின்னால் ‘ஈ’.

போன வாரம் போன் செய்தார். “அண்ணே, இப்போ மருந்து கீழேயே விழுது. முகத்துல ஈரம் படல. பம்பு கணக்கும் குறைஞ்சிருக்கு.” கண்ணாடி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “புதுசா புள்ளி ஒண்ணும் இல்லண்ணே. பழைய புள்ளி மேல அதிகாரி கையை வச்சித் தேய்ச்சிப் பார்த்துட்டுப் போறாரு” என்று சிரித்தார். பிடித்த சம்பளம் இன்னும் வரவில்லை. சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறாராம். வரும் வியாழக்கிழமை அவருக்கு ஓய்வு நாள். இலாகாவுக்கு நானும் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.